பழைய பேண்ட் மேடைக்குத் திரும்பும்போது உண்மையில் எது திரும்புகிறது?

எண்பதுகளில் கொடிகட்டிப் பறந்த ஒரு மேற்கத்திய இசைக்குழு மறுபடி மேடையேறப் போகிறது என்று செய்தி வந்தால் உடனே இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "அதே குழு, அதே பாட்டு, அந்தக் காலமே திரும்பிவிட்டது" என்பது ஒன்று. "எல்லாம் காசுக்கு. பாதி டேப்தான் பாடும், இவர்கள் வாயசைப்பார்கள்" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டு தரப்பும் இசைக்குழுவை ஒரே பொருளாக, சுவிட்சை அணைத்துப் போடுகிற மாதிரி நினைக்கின்றன. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஊரில் பேர்பெற்ற ஒரு மெஸ் இருபது வருடம் பூட்டிக் கிடந்து மறுபடி திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலில் அதே போர்டு. ஆனால் அந்தப் பெயரை மாட்டும் உரிமை அண்ணனுக்கா தம்பிக்கா? பழைய மாஸ்டர் இருக்கிறாரா? மசாலா அரைத்த ஆட்டுக்கல் போய் மிக்ஸி வந்துவிட்டதா? மாஸ்டர் வந்தாலும், எழுபது வயதில் முன்போல அண்டாவைத் தூக்கி இறக்குவாரா? போர்டு, ஆள், கருவி, உடம்பு நான்கும் தனித்தனியாகத் திரும்பி வர வேண்டியவை. ஒன்று வந்து மற்றது வராமலும் போகலாம்.

இசைக்குழுவிலும் இதே நான்குதான்: பெயர், ஆட்கள், ஒலி, குரல். நியூ வேவ் குழுக்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## முதலில், நியூ வேவ் என்றால்?

1973-ல் நியூயார்க்கின் பவரி தெருவில் சி.பி.ஜி.பி. என்ற சிறிய கிளப் திறந்தது. பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ், ரமோன்ஸ் எல்லாம் அங்கே வளர்ந்த குழுக்கள். 1976, 77-ல் லண்டனில் பங்க் வெடித்தது: மூன்றே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்), மூன்று நிமிடம், வேகம், கோபம். அந்தச் சுருக்கத்தையும் வேகத்தையும் வைத்துக்கொண்டு, கீபோர்டு, ரெகே, டிஸ்கோ எதையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொண்டவர்களை நியூ வேவ் என்றார்கள். பங்க் என்ற சொல்லைக் கேட்டாலே அமெரிக்க வானொலிகள் ஒதுங்கியதால், இந்தப் பெயரைப் பரப்பியதில் சைர் ரெக்கார்ட்ஸ் நிறுவனர் சீமோர் ஸ்டைனுக்குப் பங்கு உண்டு. லண்டனில் 1977-ல் உருவான தி போலீஸ், பாஸ்டனின் தி கார்ஸ், பர்மிங்ஹாமின் டியூரன் டியூரன், ஒஹையோவின் டீவோ, லிவர்பூல் பக்கத்து ஓ.எம்.டி. என்று பட்டியல் நீளும். 1981 ஆகஸ்ட் 1-ல் பாட்டுக் காணொளிகளை ஒளிபரப்பும் எம்.டி.வி. சேனல் தொடங்கியதும் இவர்கள் முகங்கள் வீட்டுக்கு வீடு போயின.

நம் விஷயத்துக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான். இந்த இசை அந்த ஐந்தாறு வருடங்களில் சந்தைக்கு வந்த குறிப்பிட்ட சில மின்னணு இயந்திரங்களின் ஒலியில் கட்டப்பட்டது. ப்ளூஸ் கிட்டார்க்காரர் ஒருவர் நாற்பது வருடம் கழித்து வந்து, கையில் கிடைத்த நல்ல கிட்டாரை எடுத்து வாசித்துவிடலாம். நியூ வேவ் குழுவால் அது முடியாது.

## பெயர் யாருடையது?

இசைக்குழுவின் பெயர் ஒரு வணிகச் சொத்து. அதற்கு டிரேட்மார்க் உண்டு. இன்ன பெயரில் கச்சேரி நடத்தவும் டீ-ஷர்ட் விற்கவும் இன்னாருக்கு மட்டுமே உரிமை என்று சட்டம் தரும் பாதுகாப்பு அது. உறுப்பினர்கள் இளைஞர்களாக இருக்கும்போது இதையெல்லாம் எழுதிவைப்பதில்லை. பிரிந்த பிறகுதான் எழுதாதது தெரியவரும்.

டாக்கிங் ஹெட்ஸ் 1991-ல் கலைந்தது. 1996-ல் பாடகர் டேவிட் பர்னைத் தவிர மற்ற மூவரும் 'தி ஹெட்ஸ்' என்று பாதிப் பெயரில் ஓர் ஆல்பம் போட்டார்கள். பர்ன் வழக்குப் போட்டார்; பிறகு வெளியே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். நால்வரும் சேர்ந்து வாசித்தது 2002-ல், ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' விழாவில். மூன்றே பாட்டு.

தி பீட் என்ற பிரிட்டிஷ் குழுவின் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் டேவ் வேக்லிங் நடத்தும் ஒரு குழு, பிரிட்டனில் ரேங்கிங் ரோஜர் நடத்திய இன்னொரு குழு. இரண்டும் ஒரே பழைய பாடல்களை, கிட்டத்தட்ட ஒரே பெயரில், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல வருடம் பாடிக்கொண்டிருந்தன. எது அசல் என்று கேட்டால் பதில் கிடையாது. இரண்டிலுமே அசலில் பாதி இருந்தது.

டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் இரண்டு பேர் குழு. கர்ட் ஸ்மித் 1991 வாக்கில் விலகியதும் ரோலண்ட் ஓர்ஸபால் அதே பெயரில் தனியாகவே இரண்டு ஆல்பம் செய்தார். 2000-ல் சமாதானமாகி, 2004-ல் சேர்ந்து ஆல்பம் வெளியிட்டார்கள். ஆக, பெயர் இடையில் ஒருநாளும் சாகவில்லை. ஆள்தான் போய்விட்டு வந்தார்.

'குழு திரும்பியது' என்ற தலைப்பைப் பார்த்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எந்தப் பெயரில், அந்தப் பெயர் யார் கையில் என்பது.

## ஆட்கள்

ரசிகர்கள் 'கிளாசிக் லைன்-அப்' என்பார்கள். குழுவின் பெரிய வெற்றிகளின்போது இருந்த ஆட்களின் கூட்டணி என்று பொருள். முதன்முதலில் குழுவைத் தொடங்கியவர்கள் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்காது.

பிளாண்டியைப் பாருங்கள். டெபி ஹாரியும் கிறிஸ் ஸ்டைனும் 1974-ல் தொடங்கிய குழு. 1982-ல் கலைந்தது, ஸ்டைனை ஒரு கடுமையான தோல் நோய் பிடித்ததும் அதற்கு ஒரு காரணம். 1997-ல் மறுபடி கூடி, 1999-ல் ஆல்பம் போட்டபோது பழையவர்களில் ஹாரி, ஸ்டைன், டிரம்மர் கிளெம் பர்க், கீபோர்டு ஜிம்மி டெஸ்ட்ரி ஆகிய நால்வர்தான் இருந்தார்கள். 1978-ன் 'பேரலல் லைன்ஸ்' ஆல்பத்தில் வாசித்த ஃபிராங்க் இன்ஃபான்டேயையும் நைஜல் ஹாரிசனையும் சேர்க்கவில்லை. இருவரும் வழக்குப் போட்டும் பலிக்கவில்லை. 2006-ல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில், உலகமே பார்க்க, 'எங்களையும் சேர்த்து வாசியுங்கள்' என்று இன்ஃபான்டே கேட்டார். ஹாரி மறுத்துவிட்டார்.

தி கார்ஸ் குழுவில் பேஸ் (கீழ்ச் சுரங்களை வாசிக்கும் கிட்டார்) வாசித்துப் பாடியும் வந்த பெஞ்சமின் ஆர் 2000-ல் காலமானார். 2011-ல் மற்ற நால்வரும் புது ஆல்பத்தோடு வந்தபோது அவர் இடத்தில் இன்னொருவரை நிறுத்தவில்லை. மேடையில் பேஸ் பகுதிகளை கிரெக் ஹாக்ஸ் பெரும்பாலும் கீபோர்டிலேயே சமாளித்தார். நாகரிகமான முடிவு. ஆனால் பேஸ் கிட்டாரின் கம்பியை விரல் உரசும் ஒலி கீபோர்டில் வராது. அதற்குக் கொடுத்த விலை அது.

உடலுழைப்பில் அதிகம் அடிபடுவது டிரம்மர். இரண்டு மணி நேரம் கை, கால் நான்கும் ஓயாத வேலை. ஓ.எம்.டி. டிரம்மர் மால்கம் ஹோம்ஸ் 2013-ல் டொராண்டோ கச்சேரியின்போது இதயத் துடிப்பு நின்று சரிந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் குழுவுக்கு வேறு டிரம்மர் வந்தார்.

## ஒலி: இங்கேதான் பெரிய வேலை

நியூ வேவின் நெஞ்சு சிந்தசைசர். மின்னழுத்தத்தைக் கொண்டு ஒலியை உருவாக்கும் கருவி அது. உள்ளே ஆசிலேட்டர் என்ற சுற்று ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். எவ்வளவு வேகமாக அதிர்கிறதோ அவ்வளவு மேல் சுரம். பல கருவிகளில் கணக்கு எளிது: ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே. ஒரு ஸ்தாயியில் 12 சுரஸ்தானம். ஆக ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 83 மில்லிவோல்ட்தான். அந்தச் சுற்றில் உள்ள டிரான்சிஸ்டர்கள் சூட்டுக்கு மாறும் குணமுள்ளவை. சில மில்லிவோல்ட் நழுவினாலே காதுக்குச் சுருதி பேதம் தெரியும்.

எனவே அறுபது, எழுபது மேடை விளக்குகளின் கீழே ஒரு பழைய சிந்தசைசரை வைத்தால் என்ன ஆகும்? மாலை ஒத்திகையில் சுத்தமாக இருந்தது இரவு எட்டரைக்கு விலகி நிற்கும். கருவியை அரை மணி நேரம் முன்னதாகவே ஓடவிட்டுச் சூடாக்கி, விளக்குகள் எரிந்த பிறகு மறுபடி சுருதி சேர்ப்பதுதான் வழி. 1978-ல் வந்த புராஃபெட்-5 கருவியில் இதற்கென்றே 'டியூன்' என்று ஒரு பொத்தான் உண்டு. ஐந்து குரல், குரலுக்கு இரண்டு, மொத்தம் பத்து ஆசிலேட்டர்களையும் அது வரிசையாகச் சரிசெய்யும். அதுவரை வாசிக்க முடியாது. இரண்டு பாட்டுக்கு நடுவே பாடகர் திடீரென்று ஊர்க்கதை பேச ஆரம்பித்தால், பின்னால் யாரோ இந்தப் பொத்தானை அழுத்தியிருக்கலாம்.

அடுத்த சிக்கல் நினைவகம். 1970-ல் வந்த மினிமூக் போன்ற கருவிகளில் ஒலியைச் சேமிக்க முடியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் குமிழ்களைக் கையால் திருப்பி வைக்க வேண்டும். எந்தக் குமிழ் எங்கே என்று காகிதத்தில் வரைந்து வைத்துக்கொள்வார்கள். அந்தக் காகிதம் தொலைந்திருந்தால் பதிவைக் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். புராஃபெட்-5 வந்தபின் 40 ஒலிகளைச் சேமிக்க முடிந்தது. ஆனால் அந்த நினைவகத்தைத் தாங்குவது ஒரு சிறு பேட்டரி. பேட்டரி செத்தால் ஒலிகளும் போச்சு.

மெல்லட்ரான் இன்னும் பழைய ஜாதி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு டேப். கட்டையை அழுத்தினால் அந்த டேப் ஓடும், அதில் பதிந்த பாடகர் குழுவோ வயலினோ ஒலிக்கும், சுமார் எட்டு விநாடியில் டேப் தீர்ந்துவிடும். ஓ.எம்.டி.யின் 1981 ஆல்பம் 'ஆர்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி' முழுக்க இதன் வாசம். 2007-ல் பழைய நால்வரும் சேர்ந்து அந்த ஆல்பத்தை முழுதாக மேடையில் வாசித்தார்கள். ஊர் ஊராக லாரியில் குலுக்கிக்கொண்டு போகும் பொருள் அல்ல மெல்லட்ரான்.

அப்படியானால் குழுக்கள் என்ன செய்கின்றன? மூன்று வழி உண்டு. பெரும்பாலும் மூன்றையும் கலந்தே செய்வார்கள்.

பழைய கருவியின் ஒலியைச் சுரம் சுரமாகப் பதிவெடுத்து, புதுக் கீபோர்டில் ஏற்றி வாசிப்பது ஒன்று. இதை சாம்பிளிங் என்பார்கள். சோம்பல்பட்டு ஸ்தாயிக்கு ஒரு சுரம் மட்டும் எடுத்து மற்றதைக் கணினியால் இழுத்தால், மேலே போகப்போக எலி கத்துவது போலிருக்கும். இரண்டு மூன்று சுரத்துக்கு ஒருமுறை பதிவெடுத்தால்தான் இயல்பாக நிற்கும். பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளைப் பயன்படுத்துவது இன்னொன்று. தயாரிப்பாளரே மறுபடி செய்து விற்கும் கருவியை வாங்குவது கடைசி வழி. புராஃபெட்-5 அப்படி 2020-ல் மறுபிறவி எடுத்தது.

சாம்பிள் எடுக்க மூலப் பதிவு வேண்டும். ஸ்டுடியோவில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் பதிந்த டேப்புக்கு மல்டிடிராக் என்று பெயர். எழுபது, எண்பதுகளின் சில டேப் வகைகளில், காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கொழகொழவென்று ஆகிவிடும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து டேப் இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். பாட்டு அத்தோடு போயிற்று. அதனால் டேப்பை 50–55 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட்டு ஈரத்தை விரட்டுவார்கள். அது நிரந்தர மருந்தல்ல. சுட்ட சில வாரங்களுக்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் மறுபடி ஏறும்.

சுருக்கமாக: பழைய கருவி சூட்டில் சுருதி நழுவும், ஒலியை மறக்கும், பயணத்தில் உடையும். மேடையில் நீங்கள் கேட்பது அந்தக் கருவியின் ஒலிதான், ஆனால் பெரும்பாலும் வேறு பெட்டியிலிருந்து.

## 'டேப் ஓடுகிறது' என்ற குற்றச்சாட்டு

பேக்கிங் டிராக் என்பது முன்கூட்டியே பதிந்து, மேடையில் வாசிப்போடு சேர்த்து ஓடவிடும் ஒலி. இது கிழவர்களின் ஊன்றுகோல் என்று ஒரு நம்பிக்கை. நியூ வேவ் குழுக்களைப் பொறுத்தவரை இது சுத்தத் தவறு. ஓ.எம்.டி. 1978-ல் லிவர்பூலின் எரிக்ஸ் கிளப்பில் முதல்முறை வாசித்தபோது மேடையில் இருந்தவர்கள் இரண்டு பேர். மூன்றாவதாக ஒரு நான்கு தட டேப் ரெக்கார்டர். அதற்கு வின்ஸ்டன் என்று பெயரே வைத்திருந்தார்கள். ஒளிக்கவில்லை, பார்வையாளர் முன்னாலேயே நிறுத்தியிருந்தார்கள். பிளாண்டியின் 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' பதிவில் ரோலண்ட் சி.ஆர்-78 என்ற தாள இயந்திரம் அடிக்க, அதோடு சேர்ந்துதான் கிளெம் பர்க் டிரம்ஸ் வாசித்தார். இயந்திரத்தோடு சேர்ந்து வாசிப்பதே இந்த இசையின் பிறவிக்குணம்.

இன்று வின்ஸ்டனின் வேலையைச் செய்வது லேப்டாப். அமைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும். ஒரே நிகழ்ச்சியை ஏற்றிய இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டிலிருந்தும் இடைவிடாத ஒரு மெல்லிய சமிக்ஞை ஒரு மாற்றுப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். முதல் கணினியின் சமிக்ஞை நின்றால், கூட்டம் கவனிப்பதற்குள் பெட்டி இரண்டாவதற்கு மாறிவிடும். டிரம்மரின் காதில் மட்டும் 'டிக் டிக்' என்று தாளம் ஒலிக்கும், அதுதான் கிளிக். காதுக்குள் செருகும் சிறு ஒலிப்பெட்டியான இன்-இயர் மானிட்டர் வழியாக அது போகும். மற்றவர்கள் டிரம்மரைப் பின்தொடர்வார்கள்.

தவறு எங்கே நடக்கும்? பாடகர் ஒரு சரணத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினால், மனிதர்கள் கூடவே தாவுவார்கள், டிராக் தாவாது. டிரம்மரின் இன்-இயர் கழன்றால் ஐந்தே விநாடியில் குழுவும் டிராக்கும் பிரிந்துவிடும். இன்னொன்று அபத்தமானது: டிஜிட்டல் பதிவில் ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறார்கள் என்பதில் குழப்பம் வந்து, 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48 கிலோஹெர்ட்ஸ் அமைப்பில் தவறுதலாக ஓட்டினால், ஒலி வேகமாகி ஏறத்தாழ ஒன்றரைச் சுரஸ்தானம் மேலே போகும். கிட்டார் ஒரு சுருதியில், கீபோர்டு வேறு சுருதியில், நடுவில் பாடகர் முகம் வெளுத்து நிற்பார்.

ஆகவே 'டிராக் உண்டா?' என்ற கேள்வியில் பெரிய பயனில்லை. டிராக்கில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அன்றே இயந்திரம் வாசித்த பகுதி இருந்தால் அதில் ஏமாற்று இல்லை. ஐந்து பேர் வாசிக்க முடியாத கூடுதல் அடுக்குகளும் போகட்டும். கோரஸ் குரல்கள் இருந்தால் கொஞ்சம் நெளியலாம். முதன்மைப் பாடகரின் குரலே அதில் இருந்தால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கலாம்; என் கணக்கில் அது ஒன்றுதான் மோசடி.

## குரலும் கட்டையும்

25 வயதில் பாடிய பாட்டை 65-ல் பாட வேண்டும். வயதாகும்போது குரல் நாண்களின் நெகிழ்வு குறையும், மூச்சுப் பிடிக்கும் நேரம் குறையும், உச்ச சுரங்கள் முதலில் விடைபெறும். மாதவிடாய் நின்ற பின் பெண்களின் குரல் பொதுவாகக் கொஞ்சம் கீழே இறங்கும். ஆனால் உச்சத்தில் குரல் உடைந்தால் உடனே வயதைக் குற்றம் சொல்ல வேண்டாம். 1985-ல் பஞ்ச நிவாரண நிதிக்காக நடந்த லைவ் எய்ட் கச்சேரியின் பிலடெல்பியா மேடையில் டியூரன் டியூரனின் சைமன் லெ பானுக்கு அப்படி ஒரு சுரம் உடைந்து உலகப் புகழ் பெற்றது. அப்போது அவருக்கு வயது 26.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இதன் தீர்வு உடனே தோன்றும்: சுருதியை இறக்கிக்கொள். ஒன்றரைக் கட்டையில் (கட்டை என்பது இங்கே அடிப்படைச் சுருதியின் அளவு) பாடிய வித்வான் ஒரு கட்டைக்கு வருவார். தம்புராவும் வயலினும் கம்பியைத் தளர்த்தும், அந்தக் கட்டைக்கான மிருதங்கம் வரும், கச்சேரி நடக்கும். ராகத்துக்கு எந்தக் கட்டை என்பது பொருட்டல்ல.

ராக் குழுவிலும் இறக்குகிறார்கள். அரைக் கட்டை இறக்குவது சர்வசாதாரணம். ஆனால் வேலை அதிகம். கிட்டாரில் பல பகுதிகள் எங்கும் அழுத்தாத திறந்த கம்பியின் ஒலியை நம்பியிருக்கும். விரலை நகர்த்தினால் அந்த ஒலி போய்விடும். எனவே மொத்தக் கிட்டாரையும் அரைக் கட்டை தளர்த்தி, அந்தப் பாட்டுகளுக்கென்று தனிக் கிட்டார் வைத்துக்கொள்வார்கள். மேடையில் பாட்டுக்குப் பாட்டு கிட்டார் மாறுவது பகட்டு என்று நினைத்தால், பாதிக் காரணம் இதுதான். பேஸில் தடித்த கம்பி தளர்ந்து சலசலக்கும், இன்னும் தடித்ததை மாட்ட வேண்டும். கீபோர்டில் ஒரு பொத்தான் போதும். பேக்கிங் டிராக்கைப் புதிய சுருதியில் மறுபடி தயாரிக்க வேண்டும்.

திறந்த கம்பி இல்லாத பகுதிக்கும் தனித் தொல்லை உண்டு. தி போலீஸின் 'மெசேஜ் இன் எ பாட்டில்' தொடக்கத்தில் ஆண்டி சம்மர்ஸின் விரல்கள் 4, 6, 8 என்று மூன்று கட்டங்களில் அகன்று நிற்கும். இதை ஒரு முழுச் சுரம் இறக்கினால் 2, 4, 6. கிட்டார் கழுத்தில் தலைப்பக்கம் போகப்போகக் கட்டங்கள் அகலம். விரல் இன்னும் விரிய வேண்டும். 2007 டூரின்போது சம்மர்ஸுக்கு வயது 64. பாடகரின் தொண்டைக்கு இளைப்பாறல் கொடுத்தால் கிட்டார்க்காரரின் கை அந்தப் பாரத்தைச் சுமக்கும்.

சுருதியை இறக்காமலும் சில தந்திரங்கள் உண்டு. உச்ச வரியைக் கூட்டத்தைப் பாடவிடலாம், துணைப் பாடகரிடம் தள்ளிவிடலாம், மெட்டையே கொஞ்சம் தட்டையாக்கலாம். கடினமான பாட்டுகளை அடுத்தடுத்து வைக்காமல், தொண்டை சூடேறிய நடுப்பகுதியில் பரப்பி வைப்பார்கள். இரண்டு இரவு பாடினால் மூன்றாம் நாள் விடுப்பு.

## ஒத்திகை: தி போலீஸ் உதாரணம்

ஸ்டிங், ஆண்டி சம்மர்ஸ், ஸ்டூவர்ட் கோப்லேண்ட். 1980-ல் பம்பாய் ரங் பவனில்கூட வாசித்த மூவர். 1984 மார்ச்சில் மெல்போர்னில் டூரை முடித்தார்கள். 1986-ல் சேர்ந்து பதிவு செய்ய முயன்றபோது கோப்லேண்ட் குதிரையிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார், முயற்சி நொண்டியது. 2007 பிப்ரவரியில் கிராமி விழாவில் 'ராக்ஸேன்' வாசித்துத் திரும்பினார்கள். மே மாதம் வான்கூவரில் டூர் தொடங்கியது. கூடுதல் இசைக்கலைஞர் ஒருவரும் இல்லை, அதே மூவர்தான். பெயர், ஆள் என்ற இரண்டு கேள்விகளிலும் இதைவிடச் சுத்தமான ரீயூனியன் அரிது.

அப்படியும் தடுக்கினார்கள். வான்கூவரின் இரண்டாம் இரவில் தொடக்கப் பாட்டிலேயே மூவரும் தாளத்தில் விலகிப்போனதைக் கோப்லேண்டே தன் இணையதளத்தில் கிண்டலும் கேலியுமாக எழுதினார். உலகம் முழுக்கச் செய்தியானது. காரணம் வயது மட்டுமல்ல. இடைப்பட்ட இருபது வருடம் ஸ்டிங் இதே பாட்டுகளைத் தன் சொந்தக் குழுவோடு வேறு அமைப்பில் பாடிப் பழகிவிட்டார். மற்ற இருவர் மனதிலும் பழைய பதிவு அப்படியே இருந்தது. ஒரே பாட்டின் மூன்று நினைவுகள் மேடையில் மோதின.

இதனால்தான் ஒத்திகை படிப்படியாக நடக்கும். முதலில் மல்டிடிராக்கைக் கேட்டு, உண்மையில் அன்று என்ன வாசித்தோம் என்று தெரிந்துகொள்வது. ஒரே ஆள் மூன்று கிட்டார் பகுதிகளை அடுக்கியிருந்தால் எதை வைத்து எதை விடுவது என்று முடிவெடுப்பது. பிறகு வீட்டில் தனிப் பயிற்சி. அடுத்து இரண்டு மூன்று வாரம் கூட்டு ஒத்திகை. கடைசியாக, விளக்கு, திரை, ஒலிபெருக்கி எல்லாம் கட்டிய பெரிய அரங்கில் சில நாள் முழு ஒத்திகை. நியூ வேவ் பாட்டுகள் குட்டையானவை. இரண்டு மணி நேரத்துக்கு இருபது பாட்டாவது வேண்டும். கடைசிக் கட்டத்தை மிச்சம் பிடித்தால் முதல் ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்கி ஒத்திகை பார்ப்பார்கள்.

## காசுக்குத்தானா?

காசுக்கும்தான். தி போலீஸ் டூர் சுமார் 150 கச்சேரிகளில் 35 கோடி டாலருக்கு மேல் டிக்கெட் வசூல் செய்தது. ஆனால் வசூல் என்பது குழுவின் வருமானம் அல்ல. இந்த ஒரு குழப்பத்தில்தான் பாதி வம்பு நடக்கிறது.

பிரிட்டனில் நடக்கும் ஒரு கச்சேரியை எடுத்துக்கொள்வோம். டிக்கெட் விலைக்குள் அடங்கிய 20 சதவீத வாட் வரி, அதாவது மொத்த விலையில் ஆறில் ஒரு பங்கு, முதலில் போகும். மிச்சத்தில் 4.2 சதவீதம் பி.ஆர்.எஸ். அமைப்புக்கு; அதைப் பாட்டு எழுதியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பிறகு அரங்கு வாடகை, விளம்பரம், பாதுகாப்பு. இதையெல்லாம் முதலில் போட்டு நடத்துபவர் புரொமோட்டர். மிஞ்சுவதைப் பெரிய குழுக்கள் 85, புரொமோட்டர் 15 என்று பிரித்துக்கொள்வது வழக்கம். அந்த 85-லிருந்துதான் லாரி, பஸ், ஓட்டல், உதவியாளர் சம்பளம், ஒத்திகைச் செலவு, காப்பீடு எல்லாம். ஏஜெண்டுக்கு 10 சதவீதம், மேனேஜருக்கு 15 முதல் 20. கடைசியில் நிற்பதை உறுப்பினர்கள் பங்குபோடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 4.2 சதவீதம். பாட்டு எழுதியவர் மேடையிலேயே ஏறாவிட்டாலும் அது அவருக்குப் போகும். எழுதாத டிரம்மர் தினம் வியர்வை சிந்தினாலும் அதில் ஒரு பைசா வராது. ஒரு குழுவில் சிலர் ரீயூனியனுக்குத் துடிப்பதும் ஒருவர் மட்டும் கைகட்டி நிற்பதும் ஏன் என்பதற்கு, மனஸ்தாபத்தைவிட இந்தக் கணக்கே பல நேரம் நல்ல விளக்கம்.

காசு மட்டுமே நோக்கமா என்று அறிய ஓர் அடையாளம் உண்டு: புதுப் பாட்டு. பிளாண்டி 1999-ல் வெளியிட்ட 'மரியா' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' அதே இடத்தைப் பிடித்துச் சரியாக இருபது வருடம் கழித்து. ஆனால் இது நிச்சயமான அளவுகோல் அல்ல. தி போலீஸ் ஒரு புதுப் பாட்டும் போடவில்லை. டூரின் பிற்பாதியில் அவர்கள் வாசித்த அழகை யாரும் குறைசொல்ல முடியாது.

## அறிவிப்பைப் படிக்கும் முறை

விளம்பரத்தில் குழுவின் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு தனி ஆள் பெயர் ஒட்டியிருந்தால், பெயருரிமை பிரிந்திருக்கிறது என்று கொள்ளலாம். பல குழுக்களின் பெயர்கள் ஒரே சுவரொட்டியில் இருந்தால் அது பேக்கேஜ் டூர். ஒரே பின்னணிக் குழு வாசிக்க, பாடகர்கள் மட்டும் மாறி மாறி வந்து நான்கைந்து பாட்டு பாடிப் போவது அங்கே சகஜம். அது கேவலமில்லை, ஆனால் நீங்கள் பார்ப்பது பேண்ட் அல்ல. இன்ன ஆல்பம் முழுதாக என்று போட்டிருந்தால், ஆல்பத்தில் சோர்வான பாட்டுகளும் வரும், ஒத்திகை மட்டும் உறுதியாக நன்றாக இருக்கும். முந்தைய வாரக் கச்சேரியின் கைபேசிக் காணொளிகளில் ஒலித்தரத்தைப் பார்க்காமல், பாடகர் உச்ச வரியை யாரிடம் விடுகிறார் என்று மட்டும் பாருங்கள்.

'கடைசி டூர்' என்ற சொல்லுக்கு மட்டும் எந்தச் சட்ட மதிப்பும் கிடையாது. தி பி-52ஸ் 2022-ல் விடைபெறும் டூர் போனார்கள். டீவோ 2023-ல் விடைபெற்றது. 2025-ல் இரண்டு குழுக்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு டூர் கிளம்பின.